நோக்கம் நல்லது, நடைமுறைதான் பிழையா? 2021 பசளைத் தடை பற்றி

கேள்வி இதுதான்: "2021 இல் இலங்கை அரசு இரசாயனப் பசளையைத் தடை செய்ததை இன்றைக்கும் எல்லாரும் திட்டுகிறார்கள். மண்ணையும் மக்களின் உடம்பையும் காப்பாற்றத்தானே அதைச் செய்தார்கள்? நோக்கம் நல்லது, நடைமுறைதான் பிழை என்று சொன்னால் என்ன? விவசாய விஞ்ஞானமோ பொருளாதாரமோ படிக்காத நாங்கள் அரசின் கொள்கையைச் சரி, பிழை என்று சொல்லத்தான் முடியுமா?"

தம்பி, நல்ல கேள்வி. நான் வன்னியில் பல வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். சேதனப் பசளையை, அதாவது இயற்கை எருவை, எதிர்க்கிற ஆள் இல்லை. கூட்டெரு செய்வது எப்படி என்று வயல் வரம்பில் நின்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இந்தத் தடையை நினைத்தால் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. "நோக்கம் நல்லது, நடைமுறை பிழை" என்ற பேச்சை அந்தக் காலத்து அமைச்சர்களும் சொன்னார்கள், இப்போது நல்ல மனதுள்ள பலரும் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச தந்த விஞ்ஞாபனத்தில், 10 வருடத்தில் நாட்டைச் சேதன விவசாயத்துக்கு மாற்றுவோம் என்று இருந்தது. 10 வருடம் என்பது கடினமான இலக்கு என்றாலும் பேசிப் பார்க்கக்கூடிய இலக்கு. ஆனால் 2021 ஏப்ரல் 27 ஆம் திகதி அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, மே 6 ஆம் திகதி வர்த்தமானி வந்தது, இரசாயனப் பசளையும் பூச்சிநாசினி, களைநாசினியும் இறக்குமதி செய்வது நின்றது. 10 வருடம் ஒரே நாளாகச் சுருங்கிவிட்டது. சிறுபோகம் அப்போது தொடங்கிவிட்டதால், கையிருப்பில் இருந்த பசளையைப் போட்டு அதை ஒருவாறு ஒப்பேற்றினார்கள். அடி முழுவதும் ஒக்டோபர், நவம்பரில் விதைக்கும் பெரும்போகத்தின் மேல் விழுந்தது. எங்கள் பக்கம் காலபோகம் என்று சொல்வோம். வருடத்துச் சோற்றில் பெரும்பங்கு அந்தப் போகத்தில்தான் விளைகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் 8 ஆம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடியதுதான். யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நன்றாகச் செய்த கூட்டெருவில் 1 முதல் 1.5 வீதம்தான் நைதரசன் இருக்கும். அந்த 23 கிலோவைக் கூட்டெருவாகக் கொடுக்க வேண்டுமென்றால் குறைந்தது ஒன்றரைத் தொன் வேண்டும். ஒருவர் தோளில் தூக்கிப் போகிற மூட்டைக்குப் பதிலாக லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றி இறக்குகிற பாரம். நீர்ப்பாசன நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 90 கிலோ யூரியா போடச் சொல்லித்தான் நாங்கள் ஆலோசனை கொடுத்துவந்தோம். அதற்கு ஈடாக ஏக்கருக்குக் குறைந்தது 2.8 தொன் கூட்டெரு. பெரும்போகத்தில் நாடு முழுக்க 7 லட்சம் ஹெக்டேயருக்கு மேல் நெல் விதைக்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள், நெல்லுக்கு மட்டும், ஒரு போகத்துக்கு மட்டும், 50 லட்சம் தொன்னை நெருங்கும். மே மாதம் அறிவித்து ஒக்டோபருக்குள் இவ்வளவு கூட்டெருவை யார் செய்வது, எந்த மாட்டின் சாணத்தில், எந்த லொறியில் ஏற்றுவது?

அதிலும் கூட்டெருவில் உள்ள நைதரசன் அந்தப் போகத்திலேயே முழுதும் பயிருக்குக் கிடைக்காது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல மெல்ல உடைத்துத்தான் விடும். முதல் போகத்தில் ஒரு பகுதிதான் கிடைக்கும், மிச்சம் அடுத்தடுத்த போகங்களில் வரும். சரியாக மக்காத வைக்கோலையும் குப்பையையும் அவசரத்தில் வயலில் கொட்டினால் இன்னும் மோசம். அதை மக்கச் செய்ய நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற நைதரசனையும் இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகிப் போகும். அந்தப் போகத்தில் பல வயல்களில் கண்டது அதைத்தான்.

விதையின் கதையும் இருக்கிறது. 1950களின் கடைசியில் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச்-4 என்ற நெல்லினம் வந்தது. பிறகு பிஜி இனங்கள் வந்தன. இவை பசளைக்கு நல்ல விளைச்சல் கொடுக்கும்படி தெரிந்தெடுத்து உருவாக்கிய இனங்கள். 1962 இலிருந்து அரசே பசளைக்கு மானியம் கொடுத்தது. அதாவது விதை, பசளை, குளத்துத் தண்ணீர், மானியம் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கமக்காரர் கையில் கொடுத்து, "இப்படித்தான் செய்யவேண்டும்" என்று 60 வருடம் சொன்னது அரசு. அதைச் சொல்லத்தான் எனக்கும் சம்பளம் தந்தார்கள். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் என்ற பழைய நெல்லினங்களைக் கைவிடச் சொன்னதும் நாங்கள்தான். அப்படிப் பழக்கிவிட்ட கமக்காரரைப் பார்த்து, "நீங்கள் மண்ணை நஞ்சாக்கிவிட்டீர்கள், நாளையிலிருந்து நிறுத்துங்கள்" என்று சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்தியாவின் சிக்கிம் மாநிலத்தைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். காட்டட்டும், நல்ல உதாரணம்தான். 2003 இல் அங்கே சட்டசபையில் முடிவெடுத்தார்கள், பசளை மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள், 2016 ஜனவரியில்தான் முழுமையான சேதன மாநிலம் என்று அறிவித்தார்கள். 13 வருடம். நிலமோ சுமார் 75,000 ஹெக்டேயர். சோற்றுக்கு அரிசி பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற மலைநாடு அது. தன் அரிசியைத் தானே விளைவிக்கிற 2 கோடிக்கு மேல் மக்கள் உள்ள தீவு அதை ஒரு போகத்தில் செய்யப் பார்த்தது.

சரி, அரசு என்ன காரணம் சொன்னது? ஒன்று, நோய். வடமத்திய மாகாணத்தில், அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம், 1990களிலிருந்து காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஆயிரக்கணக்கான கமக்காரக் குடும்பங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. இது உண்மையான துயரம். இரண்டாவது காரணம், டொலர். பசளை இறக்குமதிக்கு வருடத்துக்கு 40 கோடி டொலர் போகிறது என்று அரசே சொன்னது. 2019 கடைசியில் 760 கோடி டொலராக இருந்த வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பு 2021 கடைசியில் 310 கோடிக்கு இறங்கியது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இங்கேதான் உங்கள் "நல்ல நோக்கம்" என்ற சொல்லை நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். நோய்தான் கவலை என்றால் செய்யவேண்டிய வேலை வேறு. அந்த நோய்க்கு என்ன காரணம் என்று விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கடினமான கிணற்றுநீர், புளோரைட்டு, வெயிலில் தண்ணீரில்லாமல் வேலை செய்வது, விவசாய இரசாயனங்கள் என்று பலதையும் ஆராய்கிறார்கள். அந்தக் கிராமங்களுக்குச் சுத்தமான குடிநீர் கொடுப்பதை யாரும் எதிர்க்கப் போவதில்லை. ஆபத்தான பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாக விலக்குவதையும் எதிர்க்க மாட்டோம். யூரியாவை ஒரே நாளில் நிறுத்துவதற்கும் அந்த நோயாளியின் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு என்று அரசு ஒருநாளும் விளக்கவில்லை. டொலர்தான் கவலை என்றால் அதற்கும் வழி இருந்தது. அளவைக் குறைத்து, நெல்லுக்கும் தேயிலைக்கும் முதலிடம் கொடுத்துப் பங்கிட்டிருக்கலாம். தேயிலை ஏற்றுமதியால் வருடத்துக்கு 130 கோடி டொலர் அளவில் வருகிறது. 40 கோடியை மிச்சப்படுத்த அந்த 130 கோடிக்குச் சோறு போடுகிற பசளையை நிறுத்துவது எந்தக் கணக்கில் சேரும்?

நோய்க்கும் பொருந்தாத, டொலருக்கும் பொருந்தாத ஒன்றைச் செய்துவிட்டு, கேட்கிற ஆளைப் பொறுத்து ஒரு காரணத்தை எடுத்துக் காட்டினார்கள். மண்ணை நேசிக்கிறவரிடம் மண். பணக்கணக்குக் கேட்கிறவரிடம் டொலர். ஒரு கொள்கைக்கு இரண்டு மூன்று காரணம் இருப்பது தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு காரணத்தையும் தனியாக எடுத்து "இதற்கு இதுதான் மருந்தா?" என்று கேட்டால் பதில் வர வேண்டும். இங்கே வரவில்லை.

இதற்கு முன்பே ஒரு ஒத்திகை நடந்திருந்தது. 2015 இல் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்தபோது கிளைபோசேட் களைநாசினியைத் தடை செய்தார்கள். அதற்கும் சிறுநீரக நோய்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. தேயிலைத் தோட்டங்களில் களை மண்டியது, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அதைத் திரும்ப அனுமதித்தார்கள். மூன்று வருடத்துப் பாடம் கையில் இருந்தது. 2021 இல் முடிவெடுத்தவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதேநேரம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் பசளையை அளவுக்கு மீறிப் போடுகிறார்கள் என்பது உண்மை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கொட்டுகிற யூரியா சுண்ணாம்புக்கல் நிலத்துக்குள் இறங்கி, கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருக்கிறது. பல கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் ஆகாது. மலிவாக வந்த மானியப் பசளைக்கும் இதில் பங்கிருக்கிறது. நானும் என் சக உத்தியோகத்தர்களும் இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். மாற்றம் வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர்களுக்கு இந்தத் தடை செய்த கெடுதி பெரிது. இன்றைக்கு ஒரு கமக்காரரிடம் போய்ச் "சேதனப் பசளை" என்று வாயெடுத்தால் அவர் முகம் மாறிவிடும். 20 வருடம் மெல்ல மெல்லக் கட்டிய நம்பிக்கை ஒரு போகத்தில் போய்விட்டது.

அப்புறம் கப்பல் கதை. வெளிநாட்டுப் பசளைக்கு டொலர் செலவழிக்கக் கூடாது என்று தடை போட்ட அரசு, சேதனப் பசளையைச் சீனாவிலிருந்து வாங்க ஒப்பந்தம் போட்டது. 99,000 தொன், சுமார் 5 கோடி டொலர். முதல் 20,000 தொன்னோடு ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் வந்தது. மாதிரியைப் பரிசோதித்த எங்கள் தாவரத் தடுப்புக்காப்புச் சேவை, பயிருக்குத் தீங்கு செய்யக்கூடிய பக்டீரியா இருக்கிறது என்றது. விற்ற சீனக் கம்பனி மறுத்தது. நீதிமன்றம் பணம் கொடுப்பதைத் தடுத்தது. சீனத் தூதரகம், பணம் கட்டவேண்டிய மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் 2022 ஜனவரியில், ஒரு மூட்டைகூட இறக்காத சரக்குக்கு 67 லட்சம் டொலர் கட்டினோம். மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாமல் நாடு தவித்த நேரம் அது. அதற்கு முன், 2021 ஒக்டோபரில், இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவத்தை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதைத் தெளிக்கும் முறையை ஒழுங்காக விளங்கப்படுத்த ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

நவம்பர் தொடக்கத்தில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குப் போன ஜனாதிபதி அங்கே இந்தக் கொள்கையைப் பெருமையாகப் பேசினார். நவம்பர் 24 ஆம் திகதி விவசாய அமைச்சர் மகிந்தானந்த அளுத்கமகே தடை நீக்கப்படுகிறது என்றார். நெல் தெரிந்தவர்களுக்கு அந்தத் திகதியைக் கேட்டாலே நெஞ்சு பதறும். பயிர் கிளை விடும் பருவத்தில் ஒரு தடவை, கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்துக்கு முன் ஒரு தடவை யூரியா போக வேண்டும். நவம்பர் கடைசியில் அனுமதித்தால், இறக்குமதிக்கு வங்கியில் கடன் கடிதம் திறந்து, கப்பல் வந்து, மூட்டை கமநல சேவை நிலையத்துக்கு வருமுன் கதிர் வந்துவிடும். அப்படியேதான் ஆனது. முந்தைய வருடப் பெரும்போகத்தில் 30 லட்சம் தொன் அளவில் இருந்த நெல், 2021/22 பெரும்போகத்தில் 19 லட்சம் தொன் அளவுக்கு விழுந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. மழை பொய்க்கவில்லை, போரும் இல்லை.

போர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1990களில் வடக்குக்குப் போகக்கூடாத பொருட்களின் பட்டியலில் மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து என்பவற்றோடு பசளையும் இருந்தது. வெடிமருந்து செய்துவிடுவார்கள் என்பது காரணம். அந்த வருடங்களில் யூரியா இல்லாமல் வயல் செய்தவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். விளைச்சல் எவ்வளவு விழும், எந்தப் பயிர் தாங்கும், எது தாங்காது என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். 2021 இல் கிளிநொச்சியில் ஒரு முதியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, அப்ப எங்களை எதிரி எண்டு நிப்பாட்டினவை. இப்ப ஆரை எதிரி எண்டு நிப்பாட்டுகினம்?" என்னிடம் பதில் இருக்கவில்லை.

இனி நியாயம் என்கிற பக்கத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம். ஒரு கொள்கை முட்டாள்தனமாக இருந்தாலும் நட்டத்தை எல்லாரும் ஒரே அளவில் தாங்கினால் அது ஒரு மாதிரி. இங்கே நட்டம் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள்.

மலையகத்தை எடுங்கள். நெல் மணியைத் தருகிற பயிர். தேயிலையில் நாங்கள் பறிப்பது இலையை. நைதரசன் நேரடியாக இலையாகிறது, அது குறைந்தால் கொழுந்து குறையும். 2021 இல் 30 கோடி கிலோ அளவில் இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் 25 கோடி கிலோவுக்குச் சற்று மேலே நின்றது. நாட்டுக்கு இது ஏற்றுமதிப் புள்ளிவிவரம். கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அது அன்றைய சம்பளம். வருடக்கணக்காகப் போராடி 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்தது. உடனே பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், என்று அளவைக் கூட்டினார்கள். அதற்கு இரண்டு மாதத்தில் பசளை நின்றது. களைநாசினி இல்லாமல் மலையில் புல் இடுப்பளவு வளர்ந்தது. அட்டையும் பாம்பும் குளவியும் இருக்கிற அந்தப் புல்லுக்குள் காலை முதல் மாலை வரை நின்றாலும் செடியில் இல்லாத கொழுந்தை எப்படி 18 கிலோ பறிப்பது? நிறுக்கிற இடத்தில் குறைந்தால் அரைப்பேர். பசளையை நிறுத்தியது அவர் இல்லை, செடியை நட்டவரும் அவர் இல்லை, ஆனால் அரைப்பேர் அவருடைய பெயருக்கு எதிரேதான் எழுதப்பட்டது. கொழும்பில் அந்தக் கோப்பில் கையெழுத்து வைத்தவர்களின் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை.

வயல்காரரிடையேயும் அதேதான். கையில் காசு உள்ளவர் பதுக்கல் யூரியாவைப் பல மடங்கு விலைக்கு வாங்கிப் போட்டார். நகை அடகு வைத்து விதைத்தவர் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் இழப்பீடு என்று அரசு அறிவித்தது. இழப்பீடு கொடுக்க முன்வந்ததே இது இயற்கை அழிவில்லை, அரசு செய்த அழிவு என்று ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நாட்சம்பளத்துக்கு அருவி வெட்ட (நெல் அறுக்க) போகிறவர், சூடடிக்கிறவர், நெல்லுக்கு வருகிற சின்ன வியாபாரி, கொழுந்து எடுக்கிறவர் எல்லாரும் இந்த நட்டத்தில் இருந்தார்கள். நெல் விவசாயி என்ற சொல்லுக்குள் அவர்கள் வர மாட்டார்கள்.

தடையை நீக்கியதும் நீதியாக நடக்கவில்லை. தடை போட்டபோது உலகச் சந்தையில் இருந்த விலையைவிட, நீக்கியபோது யூரியா விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. ரூபாயும் அடுத்த மார்ச்சில் சரிந்தது. மானியம் பழையபடி திரும்பி வரவில்லை. தடைக்கு முன் 1,500 ரூபாய்க்குக்கூட வாங்கக்கூடியதாக இருந்த 50 கிலோ மூட்டை 2022 இல் 30,000, 40,000 என்று போனது. "தடை இல்லை, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அரசு சொன்னபோது வாங்குகிற நிலையில் யாரும் இல்லை. 2022 சிறுபோகத்துக்கு இந்தியக் கடனில் 65,000 தொன் யூரியா வந்து ஓரளவு மூச்சுவிட வைத்தது.

நாட்டின் பொருளாதாரம் விழுந்தது பசளைத் தடையால் மட்டுமில்லை. 2019 கடைசியில் வரிகளை வெட்டியது, கொவிட்டில் சுற்றுலா நின்றது, கடன், ரூபாயைப் பிடித்து வைத்திருந்தது எல்லாம் சேர்ந்துதான். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டதற்கு ரூபாய் சரிந்ததும் பெரிய காரணம். ஆனால் டொலர் இல்லாமல் போகப்போகிறது என்று தெரிந்த ஒரு வருடத்தில், உள்ளூரில் விளைகிற அரிசியையும் குறைத்துக்கொண்டு, மியன்மாரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அரிசி வாங்குகிற நிலைக்கு நாங்களே எங்களைத் தள்ளினோம்.

"நடைமுறை பிழை" என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இன்னொரு காரணம், எச்சரித்தவர்களுக்கு நடந்தது. அறிவித்த உடனேயே விவசாயப் பொருளியலாளர்களும் மண் விஞ்ஞானிகளும் எழுதினார்கள், பேசினார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே வெளிப்படையாக விமர்சித்தார், விவசாய அமைச்சில் அவர் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கினார்கள். டிசம்பரில் உணவுத் தட்டுப்பாடு வரலாம் என்று வாய் திறந்த விவசாய அமைச்சின் செயலாளர் சில மணி நேரத்தில் பதவி இழந்தார். நடைமுறையில் தெரியாமல் பிழை விட்டவர், பிழை என்று சொல்கிறவரைக் கூப்பிட்டுக் கேட்பார். இவர்கள் சொல்கிறவரை வெளியே அனுப்பினார்கள். அப்படியானால் அந்தப் பிழை கொள்கையின் உள்ளேயே இருந்தது. எவ்வளவு, எப்போது, யாருடைய செலவில் என்ற மூன்றையும் கழித்துவிட்டால் ஒரு கொள்கையில் மிச்சம் இருப்பது மேடைப் பேச்சு மட்டும்தான். அதை நல்லது என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

2022 ஏப்ரலில் புதிய அமைச்சரவை முன்னால் ஜனாதிபதியே அது பிழை என்று ஒப்புக்கொண்டார். ஜூலையில் நாட்டை விட்டுப் போனார். 2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்குக் கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கி, நிதியமைச்சின் முன்னாள் உயர் அதிகாரிகள் சிலரும் பொறுப்பு, மக்கள் அவர்களிடம் ஒப்படைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்களுக்குச் செலவாக 1,50,000 ரூபாய். அந்தத் தீர்ப்பு வந்தது பெரிய விசயம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2021 பெரும்போகத்தில் வயலையும் நகையையும் இழந்தவருக்கு அதிலிருந்து எதுவும் வரவில்லை.

கடைசியாக, படிக்காத நாங்கள் கேள்வி கேட்கலாமா என்று கேட்டீர்கள். அந்தக் கூட்டெருக் கணக்குக்குப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு போகம் எத்தனை மாதம் என்று தெரிவதற்கும் வேண்டியதில்லை. வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் 2021 ஜூலையில் நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட கமக்காரரிடம் கேட்டது. மூன்றில் இரண்டு பங்கினர் சேதன விவசாயத்துக்கு மாறுவது நல்லது என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களிலேயே பெரும்பாலோர், அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் வேண்டும் என்றார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல், இப்படியே போனால் விளைச்சல் பெரிதாக விழும் என்றார்கள். பெரும்போக விதைப்புக்கு அப்போது இன்னும் மூன்று மாதம் இருந்தது.